உபதேசம் யாருக்கு?

நொய்யலாற்றங்கரையில், மங்கலத்துக்கும் சோமனூருக்கும் நடுவே இருக்கிற சாமளாபுரத்துத் தறிக்குடோன் ஒன்றுக்குள் கால் மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வருகிறவனுக்கு, பேச்சு என்பதே வாழ்க்கையின் ஆடம்பரங்களில் ஒன்றோ என்ற சந்தேகம் எழுந்துவிடும். கணவன் ஒரு வரிசைத் தறிகளையும் மனைவி அடுத்த வரிசையையும் பார்த்துக்கொண்டு நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் குடும்பங்கள் அங்கே அநேகம். இழை அறுந்ததையும் தார் தீர்ந்ததையும் கையசைவாலும் உதட்டசைவாலுமே ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் அந்தத் தம்பதிகள், சண்டை போடுவதற்கு மட்டும் மின்சாரம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. “கரண்டு போனாத்தானுங்க எங்க வூட்டுல சண்டையே ஆரம்பிக்கும்” என்று அங்கே ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் கணவர் சிரிக்கவில்லை.

இத்தகைய சண்டைகளைத் தீர்த்துவைப்பதை ஓர் உத்தியோகமாகக் கொண்டு, கட்டணம் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டி, அதன் அநுபவங்களைப் புத்தகங்களாகவும் எழுதி விற்கும் மனிதரை இன்று நாம் திருமண ஆலோசகர் என்கிறோம். அந்த உத்தியோகம் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கியது என்று நினைப்பவர்கள் பலர். பெயர் வேண்டுமானால் அப்படி வந்திருக்கலாம்; காரியம் பழையது. ஆனால் அந்தக் காரியத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, உபதேசம் செய்தவர் யார் என்பதைவிட, அந்த உபதேசம் யாருடைய முகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதே என் மனத்தை அதிகமாகக் கவர்கிறது.

தொல்காப்பியத்துக் கற்பியலைப் படித்தவர்களுக்கு ‘வாயில்கள்’ என்ற ஏற்பாடு நினைவிருக்கும். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனுக்கும் கதவைத் திறக்க மறுக்கும் தலைவிக்கும் இடையே நின்று சமாதானம் பேசுகிறவர்கள் என்று தோழியும் பாணனும் பாடினியும் கூத்தரும் விருந்தினரும் வழியில் கண்டவர்களும் உட்படப் பன்னிரண்டு வகையினரை அந்த நூல் கணக்கிடுகிறது. இவர்களிற் பெரும்பாலோர் பேசிய பேச்சு ஒரே திசையில் போயிற்று: அவன் வந்துவிட்டான், நீ கோபத்தை விடு. குற்றம் செய்தவன் வாசலில் நிற்க, உபதேசம் வீட்டுக்குள் இருப்பவளுக்கு! எனினும் அந்தப் பன்னிருவருள் ‘அறிவர்’ என்ற ஒரு வகையினர் இருந்தனர். நல்லதை எடுத்துச் சொல்வதும் தீயதைக் கடிவதும் மாத்திரமன்றி, இடித்துரைத்து வரம்புக்குள் நிறுத்தும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு என்று சொல்லி, கணவன் மனைவி இருவருமே அவர்களுடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறார் தொல்காப்பியர். இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசும் இன்றைய ஆலோசகருக்கு நம் இலக்கணத்தில் ஒரு பாட்டனார் உண்டென்றால், அவர் இந்த அறிவர்தான்.

கொங்கு நாட்டில் இந்த அறிவரின் இடத்தில் நெடுங்காலம் நின்றவர் அருமைக்காரர். கொங்கு வேளாளர் கல்யாணங்களில் புரோகிதரின் ஸ்தானத்தில் இருந்து சீர்களை நடத்திவைக்கும் இல்லறத்தாராகிய பெரியவர் அவர். அவரோடு சேர்ந்து சீர் செய்யும் அருமைக்காரியும் உண்டு. எழுதிங்கள் என்னும் சீரைச் செய்துகொண்ட பெண்ணுக்கே அந்தத் தகுதி வாய்க்கும். மணமகனின் சகோதரிக்கு முதன்மை கொடுக்கும் இணைச்சீர், குடிமகனாகிய நாவிதர் நின்று சொல்லும் மங்கல வாழ்த்து ஆகியவை அந்தக் கல்யாணத்தின் உயிர்நாடிகள். அந்த வாழ்த்தைக் கம்பர் பாடிக் கொடுத்தார் என்பது நாட்டு வழக்கு. 1960களின் நடுவில் காங்கேயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் என்ற அம்மையார், கொங்கு நாட்டு விவசாயச் சமூகத்தைப் பற்றி 1972-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தச் சீர்களையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

முன்னின்று நடத்திய கல்யாணம் முறுகிக்கொண்டால் முதலில் ஆள் போவது முன்னின்ற பெரியவர்கள் வீட்டுக்குத்தான். இது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று; ஆனால் இங்கே அது கெட்டியாக நின்றது. அந்தப் பெரியவர் கட்டணம் வாங்கவில்லை. ஆகவே அவரை மாற்றவும் முடியாது. தான் கட்டிவைத்த முடிச்சு அவிழ்ந்தால் தனக்கே அவமானம் என்ற பொறுப்பு அவருக்கு இருந்தது. இது ஒரு பெரிய பலம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் திண்ணையில் நடந்த அந்தப் பஞ்சாயத்துகளில் ஆண்கள் திண்ணையிலும் சம்பந்தப்பட்ட பெண் கதவுக்குப் பின்னாலும் இருந்தார்கள் என்பதையும், “போ கண்ணு, அனுசரிச்சுப் போ” என்பதே பெரும்பாலான தீர்ப்புகளின் சாரமாக இருந்தது என்பதையும் மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உபதேசம் திண்ணையிலிருந்து அச்சுக்கு ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1869-இல் ‘பெண்மதி மாலை’யை வெளியிட்டார். பெண் கல்விக்காகத் தமிழில் முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் அவர். நீதிமன்றத்தில் அமர்ந்து மனிதர்களின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவருடையது. ஆயினும் நூலின் பெயரே அது யாருக்காகத் தொடுத்த மாலை என்பதைக் காட்டிவிடுகிறது. கணவனுக்கு ஓர் ‘ஆண்மதி மாலை’ தேவை என்று அந்த நூற்றாண்டில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்தத் திசையை முதலில் திருப்ப முயன்றவர்களில் திரு. வி. கலியாணசுந்தரனாரைச் சொல்ல வேண்டும். நூற்பாலைக்கும் நெசவுக்கும் பேர்போன இந்த வட்டாரத்தார் அவரை நினைவுகொள்ள வேறொரு காரணமும் இருக்கிறது: சென்னையில் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் ஏற்பட்ட சென்னைத் தொழிற்சங்கத்தில் பி. பி. வாடியாவுடன் சேர்ந்து உழைத்தவர் அவர். அதே ஆண்டில் தம் மனைவி கமலாம்பிகையை இழந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆறே ஆண்டு இல்லறம் நடத்திய அந்த மனிதர், 1927-இல் ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ என்னும் நூலை எழுதினார். பெண்ணைத் தெய்வமென்று உயர்த்தும் அந்த நூலின் சில பகுதிகள் இன்றைய வாசகிக்கு, உயரத்தில் வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டதுபோலத் தோன்றலாம். எனக்கே அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் மனைவியை இழிவாக நடத்தும் ஆணைப் பார்த்து நேராகப் பேசுகிற தொனி அதில் இருக்கிறது. அதற்கு முந்திய நீதி நூல்களில் அந்தத் தொனியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு தலைமுறைக் காலம் அது கல்யாணப் பரிசாகக் கைமாறியது. என் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் கிடந்த பிரதியில் எழுதியிருந்த பெயர் மணமகளுடையது, பக்கங்கள் பிரிக்கப்படாமலே இருந்தன.

ஈரோட்டுக்காரர் வேறு வழியில் வந்தார். சுயமரியாதைத் திருமணம் 1920களின் இறுதியில் தொடங்கியபோது, மந்திரம் போன இடத்தில் பேச்சு வந்து உட்கார்ந்தது. புரோகிதரும் சடங்கும் நீங்கிய மேடையில் தலைவர்கள் மணமக்களைப் பார்த்து மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சே சடங்காயிற்று. பெரியார் அதை வாழ்க்கை ஒப்பந்தம் என்றார். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் சமம், இரு தரப்புக்கும் நிபந்தனை உண்டு. அவருடைய பேச்சுகளில் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்ற தலைப்பில் சிறு நூலாக வந்ததையும், ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற கட்டுரைத் தொகுப்பையும் சேர்த்துப் படித்தால், தமிழில் இல்லற உபதேசம் என்ற வகையையே தலைகீழாக்கிய துணிவு தெரியும். அநுசரித்துப் போ என்று பெண்ணுக்குச் சொல்லாத முதல் உபதேசி அவராகத்தான் இருக்க வேண்டும். 1967-இல் அண்ணாதுரை ஆட்சியில் இயற்றிய சட்டம் அந்தத் திருமணங்களுக்குச் செல்லுபடி கொடுத்தது. மேடைப் பேச்சில் ஒரு குறை மட்டும் உண்டு: பேசியவர் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கு ரயிலேறிவிடுவார், மறுநாள் அடுப்படியில் முளைக்கும் சச்சரவுக்கு அவரைத் தேடிப் போக முடியாது.

அந்த இடத்தை நிரப்பியது கடிதம். டாக்டர் மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்ற கடித நூல்கள், முகம் தெரியாத வாசகனை உறவாக்கிக்கொண்டு பேசின. தங்கைக்கு அண்ணன் எழுதும் பாவனையில், மேடையின் ஆரவாரமும் திண்ணையின் அதிகாரமும் இல்லாமல், இரவில் தனியாகப் படித்துக்கொள்ளும்படியாக உபதேசம் வந்தது. இது சிறிய மாற்றம் அன்று. கதவுக்குப் பின்னால் நின்ற பெண் முதன்முறையாக யாருடைய மத்தியஸ்தமும் இல்லாமல் ஆலோசகரோடு தனித்திருந்தாள். தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் ‘வாழ்வது ஒரு கலை’, ‘கவலைப்படாதே’ போன்ற நூல்களால் சுயமுன்னேற்ற நூல் என்ற துறையையே தமிழில் நிலைநிறுத்தினார், பின்னால் எம்.எஸ். உதயமூர்த்தி வந்தார். இவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே பேர் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைச் சற்றே சொல்லாவிட்டால் இந்தக் கதையின் வேடிக்கை முழுமையாகாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1930-இல் குடும்ப உறவுக்கான ஒரு நிலையத்தை ஆரம்பித்து, அந்நாட்டுத் திருமண ஆலோசனைக்கு மூலபுருஷர்களில் ஒருவராக எண்ணப்படும் பால் போப்பினோ என்பவர், அதற்கு முன்னால் பேரீச்சை சாகுபடி நிபுணர். பழைய உலகத்திலும் புதிய உலகத்திலும் பேரீச்சை வளர்ப்பதைப் பற்றி 1913-இல் புத்தகம் எழுதியவர். நல்ல நாற்றைத் தேர்ந்தெடுப்பதுபோல நல்ல மனிதர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும் என்ற, இன்று கேட்டால் உடல் கூசும் இனமேம்பாட்டுக் கொள்கையின் வழியாகவே அவர் கல்யாணத்துக்குள் வந்தார். பெண்களுக்கான மாதப் பத்திரிகை ஒன்றில், இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கும் தலைப்பில் 1953-இல் தொடங்கிய பகுதி, அவருடைய நிலையத்துக்கு வந்த வழக்குகளைக் கொண்டு எழுதப்பட்டது. முதலில் மனைவியின் பேச்சு, அடுத்துக் கணவனின் பேச்சு, முடிவில் ஆலோசகரின் பேச்சு என்பது அதன் அமைப்பு. அமைப்பு நியாயமானது, ஆனால் படிப்பவள் பெண் என்பதால் திருந்த வேண்டியவளும் பெண்ணாகவே முடிந்தது என்று பின்வந்த விமரிசகர்கள் குறை கூறினார்கள். லண்டனில் 1938-இல் ஏற்பட்ட திருமண வழிகாட்டிக் குழுவிலோ பாதிரிமார்களும் வைத்தியர்களும் முன்னின்றார்கள். மனநூல் பட்டத்தோடு இந்தத் தொழிலுக்குள் ஆள் வந்தது எங்கும் பிற்காலத்து ஏற்பாடு.

அங்கே பேரீச்சங்காட்டிலிருந்து ஒருவர் வந்தார் என்றால், இங்கே தறிக்குழியிலிருந்து ஒருவர் வந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக் கூடுவாஞ்சேரியில், 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி, ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி, பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளோடு நிறுத்திக்கொண்டு தறியில் உட்கார்ந்தவர். சென்னைக்குப் போய் உத்தியோகம் பார்த்து, நாட்டு மருத்துவம் கற்று, கைத்தறித் தொழில் நடத்திப் பலருக்குக் கூலி கொடுக்கும் முதலாளியாக உயர்ந்து, அந்தத் தொழிலின் லாபத்தையும் நஷ்டத்தையும் முழுமையாகப் பார்த்த பிறகே அவர் உபதேசத்துக்கு வந்தார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். தாம் வகுத்த தியானம், உடற்பயிற்சி, அகத்தாய்வு முதலியவற்றை மனவளக்கலை என்று பெயரிட்டுக் கற்பித்தார். 1984-இல் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006 மார்ச் 28-ஆம் தேதி, தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார்.

மகரிஷி என்ற பட்டத்தோடு அவரை அறிந்தவர்களுக்கு, நான் அவரைத் திருமண ஆலோசகர்களின் வரிசையில் வைப்பது மரியாதைக் குறைவாகப் படலாம். ஆனால் குண்டலினியையும் வேதாந்தத்தையும் பற்றி எழுதிய துறவிகளுக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமை, இவர் சம்சாரி என்பதிலும், தம் மாணவர்களை வீட்டை விட்டு வெளியே வரச் சொல்லாமல் வீட்டுக்குள் திருப்பி அனுப்பினார் என்பதிலுமே இருக்கிறது. அகத்தாய்வில் சினம் தவிர்த்தல் என்று ஒரு பாடம். உனக்கு யார்மீது அடிக்கடி கோபம் வருகிறது என்று எழுதிப் பார் என்கிறது அது. எழுதத் தொடங்கியதும் பெரும்பாலோருடைய தாளில் முதலில் விழுகிற பெயர் எதிரியின் பெயரன்று, கூடவே சாப்பிட்டுக் கூடவே தூங்குகிறவரின் பெயர்தான். ஒருவரைத் தேர்ந்துகொண்டு, இன்னது நடந்தாலும் அவரிடம் சினம் கொள்வதில்லை என்று சில நாள் பழகி, அவரை மனத்துக்குள் ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்தும்படி அந்தப் பாடம் சொல்லுகிறது. கவலை ஒழித்தலும் ஆசை சீரமைத்தலும் இதே முறையில் அமைந்தவை. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு மனத்தைக் கணக்குப் பார்க்கும் இந்தப் பழக்கத்தில், நூல் கொடுத்ததையும் துணி வாங்கியதையும் பேரேட்டில் பதிந்து பழகிய நெசவு முதலாளியின் கை தெரிகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவருடைய ஏற்பாடுகளில் நம் விஷயத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்டது மனைவி நல வேட்பு நாள். தம் மனைவி லோகாம்பாளின் பிறந்த தினமாகிய ஆகஸ்டு 30-ஐ அவர் அதற்குக் குறித்தார். அன்னைக்கு ஒரு நாள், தந்தைக்கு ஒரு நாள், தொழிலாளிக்கு ஒரு நாள் என்றெல்லாம் உலகம் வைத்திருக்க, பிறந்த வீட்டையும் பெற்றவர்களையும் விட்டுவிட்டு வந்து ஒருவனுடைய வாழ்க்கையில் கலந்தவளுக்கு ஒரு நாள் இல்லையே என்பது அவர் எழுப்பிய கேள்வி. அந்த நாளில் தம்பதிகள் எதிரெதிரே அமர்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்த்து, ஒருவரையொருவர் வாழ்த்துகிறார்கள். கணவன் மலர் கொடுக்கிறான், மனைவி கனி கொடுக்கிறாள். ‘வேட்பு’ என்பது நல்ல சொல்: வேட்டல் என்றால் விரும்புதல், வேள்வி செய்தல், மணம் புரிதல் என்று மூன்று பொருளும் பழந்தமிழில் உண்டு.

இதில் குறை காண்பது கடினமன்று. வருஷத்தில் ஒரு நாள் மலர் கொடுத்தால் ஆயிற்றா? பிறந்த வீட்டை விட்டு அவள்தான் வர வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல், வந்ததற்கு நன்றி மட்டும் சொல்வது நியாயத்துக்கு ஈடாகுமா? பெரியாருடைய ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இது பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலையாகவே தோன்றும். ஆனால் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியாரின் கொள்கையை ஏற்காத வீடுகளுக்குள், தாலியும் பூஜையறையும் மாமியாரும் உள்ள வீடுகளுக்குள், உட்கார்ந்திருக்கும் மனைவியின் முன்னே புருஷனை உட்கார வைத்து, நீ இவளுக்கு நன்றி சொல் என்று சொன்னவர் இந்த நெசவாளர். பன்னிரண்டு வாயில்களிற் பெரும்பாலானவையும் பெண்மதி மாலையும் எந்தப் பக்கம் பார்த்துப் பேசினவோ, அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு சடங்கையே ஏற்படுத்தினார். கொள்கை படிக்காதவனும் சடங்கு செய்வான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்துத் தொழில்காரர்களிடம் மனவளக்கலை மன்றங்கள் இத்தனை ஆழமாக வேரூன்றியதற்கு, தறியும் கடனும் அறிந்த ஒருவர் தங்கள் பாஷையில் பேசினார் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

ஆழியாற்றுத் திருக்கோயில் எழுந்த அதே 1984-இல்தான் நாடாளுமன்றம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தையும் நிறைவேற்றியது. வழக்கை விசாரிப்பதற்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று அந்தச் சட்டம் விதித்தது; ஆலோசகர்களை அமர்த்திக்கொள்ள இடம் கொடுத்தது; வக்கீலை வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையாகாது என்று சொல்லி, கணவனும் மனைவியும் தங்கள் வாயாலேயே பேசட்டும் என்றது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதற்கான வழி அதற்கு முன்பே, 1976-இல், இந்து திருமணச் சட்டத்தில் ஏறியிருந்தது. திருப்பூரிலும் இப்போது குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது. பனியன் கம்பெனிச் சம்பளம் கையில் வந்த பிறகு கதவுக்குப் பின்னால் நிற்க மறுத்த பெண்கள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அருமைக்காரரின் பேரன் அங்கே கட்சிக்காரனாக நிற்பதும் உண்டு.

சாமளாபுரத்துக்குத் திரும்புகிறேன். கூலிக்குத் தறி ஓட்டும் நடுவயதுக்காரர் ஒருவர், மனவளக்கலை கற்றவர், தாம் முதன்முதலாக மனைவி நல வேட்பு விழாவுக்குத் தம்பதி சமேதராகப் போய்வந்த கதையைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். கண்ணோடு கண் பார்த்தார்களாம், மலர் கொடுத்தாராம், அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிற்றாம். வண்டியில் வீடு திரும்பும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாளாம்: “ஏனுங்க, அந்த மூணாந்தறி ரெண்டு நாளாச் சும்மா நிக்குது. பாவு கோக்க ஆள் சொன்னீங்களா?”

சொல்லியிருக்கவில்லை. புதுப் பாவு ஏற்றும்போது ஒருவர் பின்னாலிருந்து இழையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மற்றவர் முன்னாலிருந்து அதை விழுதிலும் அச்சிலும் கோத்து வாங்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள், மற்றத் தறிகளையும் நிறுத்திவிட்டுத்தான் நிம்மதியாகச் செய்ய முடியும். அன்று இரவே அவர் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாராம், அவள் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். விடியும்வரை ஆயிற்று. பேசிக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

“பேசாம என்னுங்க? எண்ணிக்கை தப்பிப்போச்சுன்னு ரெண்டு வாட்டி என்னைய வஞ்சா” என்றார்.